அச்சத்தின் ஆடையில் அழுகை: ‘பூதகாலம்’ கண்டோர் மெய்ப்பாடு

நாடகத்தையோ கூத்தையோ திரைப்படத்தையோ ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஆக்கியவனை ஆராய்வர், நடித்தவனை ஆராய்வர், கண்டவனை ஆராய்வார் மிகச் சிலரே. கட்டணம் செலுத்தினான், கண்டான், வீடு திரும்பினான் என்ற அளவில் அவன் கதை முடிந்துவிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட நம் பழைய ஆசிரியர்களோ அவனை அவ்வாறு விட்டுவிடவில்லை. அச்சமுற்றான் ஒருவனிடத்து நிகழும் அச்சம் அவன் உடல்வழியே புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாகும் தன்மையை மெய்ப்பாடு என்றார் இளம்பூரணர். அவ்வுரைமரபிலேயே வேறொரு தடையும் எழுப்பப்பட்டுள்ளது. அஞ்சி நடுங்குகின்றவனைக் காணும் பிறனுக்கு நகைப்பு வரலாம், இரக்கம் வரலாம். அவனுடைய அச்சமே இவனுக்கும் எய்தும் என்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அத்தடை.

இன்றைக்கு அச்சப்படம் ஓடும் எந்த அரங்கினுள் சென்று அமர்ந்தாலும் இவ்விரண்டு கொள்கைகளுக்கும் சான்று அருகருகே கிடைக்கும். ஒருவர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டிருப்பார்; அவருக்கு இரண்டு வரிசை பின்னால் ஒருவர் உரக்கச் சிரிப்பார்; மூன்றாமவர் கண்களைத் துடைத்துக்கொள்வார். ஒரே படம் மூவரிடத்தும் மூன்று மெய்ப்பாட்டை விளைப்பது ஏன்? இவ்வினாவை அண்மைக்கால மலையாளத் திரைப்படமாகிய ‘பூதகால’த்தின்மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். திருவனந்தபுரத்துத் தமிழராகிய நாம் மலையாளப் படத்தை அயலார் படமாகக் காண்பவர் அல்லர். சாலைக் கடைத்தெருவில் இரு மொழியிலும் கணக்குப் பேசுகின்ற நாம், கிழக்கேகோட்டை ஸ்ரீ பத்மநாபா திரையரங்கிலும் இரு மொழியிலும் சிரித்தும் அழுதும் பழகியவர்கள்.

படமும் அதன் பெயரும்

‘பூதகாலம்’ ராகுல் சதாசிவன் இயக்கிய படம். 2013-இல் ‘ரெட் ரெயின்’ என்னும் படத்தை எடுத்த அவர், நெடிய இடைவெளிக்குப் பின் இதனைத் தந்தார். ரேவதியும் ஷேன் நிகமும் தாயும் மகனுமாக நடித்தனர். 2022 ஜனவரி 21 அன்று, பெருந்தொற்றின் அச்சம் இன்னும் விலகாத நாள்களில், திரையரங்குகளுக்குச் செல்லாமல் சோனி லிவ் என்னும் இணையத் தளத்தின் வாயிலாக நேரே வீடுகளுக்குள் வந்தது. 2021-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகை விருது இப்படத்திற்காக ரேவதிக்குக் கிடைத்தது. நாற்பதாண்டு காலமாகத் தமிழும் மலையாளமும் ஒருங்கே கொண்டாடிய அந்நடிகைக்குக் கேரள அரசு அளித்த முதல் விருது அது.

கதை சிறிது. ஆஷா மழலையர் பள்ளி ஆசிரியை. மனச்சோர்வு நோய்க்கு மருந்து உட்கொள்பவள். மகன் வினு மருந்தியல் படித்தும் வேலை கிடைக்காதவன். தந்தையில்லாத அவ்வீட்டில் படுக்கையிலிருந்த பாட்டி இறந்துபோகிறாள். அதன் பின்னர் இரவுகளில் வினுவுக்கு ஏதேதோ கேட்கிறது; ஏதேதோ தெரிகிறது. அவன் கூறுவதை எவரும் நம்புவதில்லை. நோயின் தொடக்கம் என்கின்றனர் சிலர். போதைப் பழக்கம் என்கின்றனர் சிலர். தாய்க்கோ தன்னையே தாங்கிக்கொள்ள வலுவில்லை. மனநல ஆலோசகர் ஒருவர் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பழைய செய்திகளைத் தேடத் தொடங்குகிறார். அங்கே முன்னர் வாழ்ந்தவர்களின் துயர முடிவுகள் வெளிப்படுகின்றன. இறுதியில் ஒரே இரவில் ஒரே அச்சத்தைத் தாயும் மகனும் சேர்ந்து எதிர்கொள்கின்றனர்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மலையாள இலக்கணத்தில் பூதகாலம் என்பது சென்ற காலத்தைக் குறிக்கும். பூதம் என்னும் சொல்லோ பேயையும் நினைவூட்டும். இவ்விரு பொருளும் ஒருசேரத் தோன்றுமாறு வைக்கப்பட்ட பெயர் அது. நம் தமிழிலக்கணமும் அக்காலத்தை இறந்தகாலம் என்றே வழங்குகிறது. பள்ளிப் பருவம் முதல் நாம் சொல்லிச் சொல்லிப் பழகியதால் அச்சொல்லினுள் ஓர் இறப்பு இருப்பதை மறந்திருக்கிறோம். சென்றது சென்றொழியாமல் நிகழ்காலத்துள் நடமாடினால் அதுவே பேய். படத்தின் பொருளும் ஏறக்குறைய இதுவே.

குறைந்த முதலும் நிறைந்த இருளும்

படத்தின் பெரும்பகுதி ஒரு வீட்டினுள் நிகழ்கிறது. மாந்தர் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவர். எண்ணெய் வற்றிய கூந்தலும் வெள்ளைப் புடவையும் இல்லை. எலுமிச்சம்பழமும் மண்டை ஓடும் இல்லை. ஷெஹ்நாத் ஜலாலின் ஒளிப்பதிவு ஒரு கதவின் இடுக்கையும், கூடத்தின் மூலையையும், படிக்கட்டின் கீழுள்ள நிழலையும் நெடுநேரம் காட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தை அவ்வளவு நேரம் ஏன் காட்டவேண்டும் என்று மனம் கேட்கத் தொடங்கும்போதே அச்சம் பிறந்துவிடுகிறது.

வறுமையே கலைக்கு வளமாகிய இக்கதை புதிதன்று. 1942-இல் அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனம், வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் சிறுதொகை கொடுத்து அச்சப்படம் ஒன்று கேட்டது. ஏறத்தாழ 1,35,000 டாலர் செலவில் ழாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ அவ்வாறு பிறந்தது. கொடுவிலங்கைக் கட்டிக்காட்டப் பணம் இல்லை; ஆகவே அதன் நிழலைக் காட்டினர். இரவில் தனியே நடந்துவரும் பெண்ணைப் பின்தொடர்வது எது என்று அவையோர் மூச்சடக்கி நோக்கும் நொடியில், சீறிக்கொண்டு வந்து நிற்பது வெறும் பேருந்து. அரங்கமே துள்ளியது, துள்ளியபின் சிரித்தது. விலங்கு வரவேயில்லை என்பதும், வந்திருந்தால் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டோம் என்பதும் கண்டோர்க்கு ஒருங்கே விளங்கின. பின்வந்த அச்சப்பட இயக்குநர் பலர் இக்காட்சிக்குக் கடன்பட்டவர்கள்.

‘பூதகாலம்’ அவ்வழியில் வந்த படம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பேருந்தின் சீற்றம் ஒரு நொடியில் தீர்ந்துபோகும். இப்படத்தில் இறுக்கம் தீர்வதில்லை. இரவின் இருள் விலகியபின் விடிகின்ற பகலும் அவ்வீட்டில் இன்னொரு வகை இருளாகவே இருக்கிறது. உணவு மேசையில் தாயும் மகனும் முகம் பாராமல் அமர்ந்திருக்கும் காட்சிகள், நள்ளிரவுக் காட்சிகளினும் கொடியன.

நீலி முதல் நாகவல்லி வரை

இப்படத்தைக் கண்டோர் எதனை எதிர்பார்த்து அமர்ந்தனர் என்பதை அறிய, அவர்கள் கண்டும் கேட்டும் வளர்ந்த பேய்களை நினைவுகூர வேண்டும். பழையனூர் நீலியின் கதையைத் தமிழர் அறிவர். அதன் இன்னொரு வடிவமே நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலியாக நாஞ்சில் நாட்டில் வழங்கி, வேணாட்டின் யட்சிக் கதைகளோடு கலந்தது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’யைப் படித்தவர்க்குக் கடமற்றத்துக் கத்தனாரும் யட்சிகளும் அண்டை வீட்டார் போன்றவர்கள். இக்கதைகளில் வரும் பெண்பேய் எப்போதும் வெளியிலிருந்து வருகிறது: பாலைமரத்திலிருந்து, பனையிலிருந்து, ஆளற்ற வழியிலிருந்து. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறது. மந்திரவாதியோ பாதிரியாரோ ஆணியடித்து அதனை நிறுத்துகிறார். கேட்போர் அஞ்சுவர், முடிவில் நிம்மதியுறுவர்.

திரைக்கு வந்தபின் இம்மரபு படிப்படியாக மாறியது. வைக்கம் முகம்மது பஷீர் தம் சிறுகதையைத் தாமே திரைக்கதையாக்க, வின்சென்ட் 1964-இல் முதன்முதலாக இயக்கிய ‘பார்கவி நிலையம்’ பேயை இரக்கத்துக்குரியவளாக்கியது. ஆளற்ற வீட்டில் குடியேறும் எழுத்தாளன் அவளோடு நட்புப் பூணுகிறான். அஞ்ச வந்த அவையோர் அவளுக்காக வருந்தினர். 1968-இல் மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவலைக் கே. எஸ். சேதுமாதவன் ‘யட்சி’ என்று படமாக்கினார். ‘மறுபக்கம்’ தந்து தமிழ்ப்படத்துக்கு முதன்முதலாகத் தேசிய அளவில் தங்கத்தாமரை பெற்றுத்தந்தவர் இவரே. விபத்தில் முகம் சிதைந்த விரிவுரையாளனாகச் சத்தியனும், அவனை விரும்பி மணக்கும் பெண்ணாகச் சாரதாவும் நடித்த அப்படத்தில், அவள் யட்சியா, அல்லது அவனுடைய தாழ்வுணர்ச்சி படைத்த கற்பனையா என்பதே வினா. பேய் மரத்திலிருந்து இறங்கி மனத்தினுள் புகுந்தது.

1993-இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ அவ்வினாவுக்கு மருத்துவர் ஒருவரைக் கொண்டு விடை கூறியது: பேய் இல்லை, பிளவுண்ட மனம் உண்டு. ஆயினும் மருத்துவர் மட்டும் போதவில்லை; நோயாளியைக் குணப்படுத்தத் தந்திரியின் களமும் தேவைப்பட்டது. அறிவுக்கும் நம்பிக்கைக்கும் ஒருங்கே இடமளித்த அச்சமரசமே அப்படத்தை எல்லாரும் விரும்பியதற்கு ஒரு காரணம் என்று கருதலாம். இங்கே தமிழராகிய நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்படத்தில் பேயாகக் கருதப்படும் நாகவல்லி தஞ்சையிலிருந்து வந்த ஆடல்மகள். சோபனாவின் கண்கள் உருண்டு அவள் வாயிலிருந்து தமிழ் புறப்படும்போது மலையாள அவையோர் நடுங்கினர். அதே அரங்கில் அமர்ந்திருந்த தமிழர் சிலர் தம் மொழி கேட்டு மகிழ்ந்து, அது பேயின் மொழியாக இருப்பதை எண்ணிச் சற்றே நெளிந்தனர். ஒரே சொல், ஒரே அரங்கு, இரண்டு மெய்ப்பாடு. கண்டோனை ஆராயாமல் கலையை முழுதும் ஆராய முடியாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இவ்வாறு நீலியும் நாகவல்லியும் பழக்கிய கண்களோடுதான் நாம் ‘பூதகால’த்தின் முன் அமர்ந்தோம். தமிழில் ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைப் படங்கள் பேயையும் நகைச்சுவையையும் ஒரே இலையில் பரிமாறிப் பழக்கியிருந்தமையும் இங்கே நினைவிற்குரியது.

கண்டோர் மூவகையினர்

இப்படத்தைப் பற்றி அலுவலகத்திலும் உறவினர் இல்லங்களிலும் கோட்டைக்குள்ளும் வெளியிலும் கேட்ட கருத்துகளைத் தொகுத்து நோக்கின், கண்டோர் மூவகையினராகப் பிரிகின்றனர்.

முதல் வகையினர் சலித்தவர்களும் சிரித்தவர்களும். ‘ஒரு மணி நேரமாகியும் பேய் வரவில்லையே’ என்பது இவர்கள் குறை. பெரும்பாலும் இளைஞர்கள். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பர் தொல்காப்பியர்; இவர்கள் சிரிப்பில் முதலிரண்டும் உண்டு. இவர்களை இகழ வேண்டியதில்லை. அச்சத்தின் விளிம்பில் நிற்பவன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் சிரிப்பு ஒன்று. இன்னொரு காரணமும் உண்டு. இப்படத்தை அவர்கள் கண்டது அரங்கிலன்று, கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும். 1960-இல் ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ படம் தொடங்கியபின் எவரையும் அரங்கினுள் விடலாகாது என்று கட்டளையிட்டார். அச்சத்திற்குக் காலம் வேண்டும் என்பதையும், அக்காலத்தின்மீது காண்போனுக்கு அதிகாரம் இருத்தலாகாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். இன்றோ பத்து நொடி தாண்டிச் செல்லும் பொத்தான் காண்போன் விரலடியில் இருக்கிறது. ஒன்றும் நிகழாத மூலையை இயக்குநர் இருபது நொடி காட்டினால், இரண்டு முறை அழுத்தி அதனைக் கடந்துவிடலாம். டிசம்பர்தோறும் நம் நகரில் நடைபெறும் திரைப்பட விழாவில் மூன்று மணி நேரப் பிறமொழிப் படத்தை அசையாமல் இருந்து காண்பவரே, வீட்டில் இப்பொறுமையை இழந்துவிடுவதைக் காண்கிறோம். குறை முழுதும் ஆளிடத்தில் இல்லை, இடத்திலும் உண்டு. இதே இயக்குநர் 2024-இல் மம்மூட்டியைக் கொண்டு கருப்பு வெள்ளையில் எடுத்த ‘பிரமயுகம்’ அரங்கிற்கு வந்தபோது, அதிலும் காட்சிகள் மெல்லவே நகர்ந்தன. ஆனால் இருளில் கூட்டமாக அமர்ந்த அவையோர் தாண்டிச் செல்ல வழியின்றி அதனுள் மூழ்கினர்.

இரண்டாம் வகையினர் வழக்காடியவர்கள். ‘அது பேயா, மனநோயா?’ என்பது இவர்கள் வழக்கு. பேய் உண்மையென்றால் முதற்பாதியில் மருத்துவம் பேசியது எதற்கு என்பர் ஒரு சாரார். மனநோய் என்றால் இறுதி இரவில் தாய்க்கும் அது தெரிந்தது எவ்வாறு என்பர் மறுசாரார். திரைத்துறையினரே இதில் கலந்துகொண்டனர். அச்சப்படங்கள் பலவற்றை எடுத்த ராம் கோபால் வர்மா, 1973-இன் ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்திற்குப் பின் இத்துணை மெய்ம்மை வாய்ந்த அச்சப்படத்தைத் தாம் கண்டதில்லை என்னும் பொருள்படப் பாராட்டினார். இவ்வழக்கில் வேடிக்கை ஒன்று உண்டு. வழக்காடுகின்ற இருசாராரும் படத்தினுள்ளேயே இருக்கின்றனர். ‘எல்லாம் அவன் மனத்தில் இருக்கிறது’ என்று கூறும் உறவினர் படத்தில் உண்டு. வீட்டின் பழங்கதையைத் தேடுகின்ற ஆலோசகரும் படத்தில் உண்டு. காண்போன் எவ்வினாவை எழுப்பினாலும், அவனுக்கு முன்பே ஒரு பாத்திரம் அதனை எழுப்பி, வினுவைத் தனியே விட்டுவிட்டுச் சென்றிருக்கிறது. நாம் வழக்கில் வென்றாலும் தோற்றாலும், அவ்விளைஞன் அவ்வறையில் தனியே அமர்ந்திருக்கிறான்.

மூன்றாம் வகையினர் எண்ணிக்கையிற் குறைந்தவர்கள், பெரும்பாலும் நடுவயதினர், அவர்களுள் பெண்கள் மிகுதி. இவர்கள் பேயைப் பற்றிப் பேசவில்லை. ‘அந்தத் தாயைப் பார்க்க முடியவில்லை’ என்றனர். படத்தை இடையில் நிறுத்தி வேறொரு நாள் தொடர்ந்ததாகச் சிலர் கூறினர். சலிப்பால் நிறுத்தியவர்கள் அல்லர் இவர்கள்; தாங்காமல் நிறுத்தியவர்கள்.

இம்மூன்றாம் வகையினரின் கண்ணீருக்கு விளக்கம் தேடின், மீண்டும் மெய்ப்பாட்டியலுக்கே வரவேண்டும். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கூறுவன அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு. இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே இருப்பவை. இப்படத்தில் அணங்கு ஒன்றே உண்டு. அதுவும் காலந்தாழ்த்தே தோன்றுகிறது. ஆனால் அழுகைக்கு அவர் கூறும் இடங்களைப் பாருங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. வேலையற்ற மகன் உறவினராலும் ஊராராலும் எள்ளப்படுவது இளிவு. பாட்டியின் இறப்பு இழவு. நலமாக இருந்தவள் நோயால் தளர்ந்து பண்டைய நிலை கெடுதல் அசைவு. ஒருத்தியின் சிற்றூதியத்தில் வாடகை வீட்டில் வாழ்தல் வறுமை. நான்கும் குறைவின்றி நிரம்பியுள்ளன. ஆகவே இப்படம் அச்சத்தின் ஆடையைப் போர்த்திக்கொண்டு வந்த அழுகை என்பதே என் துணிபு. ஆடையை மட்டும் நோக்கியவர் பேயைத் தேடிச் சலித்தனர். உள்ளிருப்பதை நோக்கியவர் அழுதனர்.

வீட்டின் அமைப்பும் அச்சத்தின் அமைப்பும்

கண்டோர் வேறுபடுவதற்கு வயதும் பழக்கமும் மட்டுமல்லாமல் அவர்கள் வாழும் வீடும் காரணமாகிறது. கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். நள்ளிரவில் அடுத்த வீட்டு முதியவர் இருமினால் இங்கே உறக்கம் கலையும். இங்கே பாத்திரம் உருண்டால் அங்கே விளக்கு எரியும். அத்தகைய வீட்டில் பிறந்து வளர்ந்த மூத்த உறவினர் ஒருவர் இப்படத்தைக் கண்டுவிட்டு, ‘இவ்வளவு கூச்சல் கேட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லையே’ என்று வியந்தார். அவருக்குக் கதை நம்பத்தக்கதாகத் தோன்றாமைக்குப் பேய் காரணமன்று. அண்டை வீட்டார் வராமையே காரணம்.

கேரளத்தின் பொதுவான வீடோ வேறுவகை. சுற்றிலும் தென்னையும் வாழையும் நிற்க, மதிலுக்குள் தனித்து நிற்பது. ஒரு காலத்தில் அம்மதிலுக்குள் இருபது பேர் இருந்தனர். இன்று இருவர் இருக்கின்றனர். ஏனையோர் வளைகுடா நாடுகளிலோ பெங்களூரிலோ இருக்கின்றனர். கோட்டையை விட்டுப் புறநகர்களில் மனை வாங்கிக் குடியேறிய நம்மவர் இல்லங்களும், பிள்ளைகள் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சென்றபின், அவ்வாறே ஆகிவிட்டன. அவ்வில்லங்களில் வாழ்வோர்க்கு இப்படத்தின் கூடமும் மாடிப்படியும் நன்கு தெரிந்தவை. பகலிலும் அரவமின்றிக் கிடக்கும் அறை, இரவில் தானே பேசத் தொடங்கும் குளிர்ப்பெட்டி, யாருக்காகவோ சமைத்து மிஞ்சிய சோறு. அவர்கள் அஞ்சியது திரையில் வந்த உருவத்தைக் கண்டன்று.

பேய் இருந்தது நல்லதாய்ப் போயிற்று

இனி, இப்படத்தின்மேல் சுமத்தப்பட்ட பெருங்குற்றத்தை ஆராய்வோம். மனத்தின் கதையாகத் தொடங்கியதைப் பேயின் கதையாக முடித்தது இயக்குநரின் பின்வாங்கல் என்பர் திறனாய்வாளர் சிலர். ‘யட்சி’ விடை கூறாமல் நின்றதுபோல் இதுவும் நின்றிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கலைநோக்கில் இதற்கு வலுவுண்டு. கடைசி அரைமணி நேரத்தில் கதவுகள் அடைபடுவதும் உருவங்கள் தோன்றுவதும் பிற படங்களில் நாம் கண்டவையே. அதுவரை காட்டாமற் காட்டிய கை, அங்கே சற்றே விரிந்துவிடுகிறது.

ஆயினும் ஓர் அம்மையார் கூறிய சொல்லை இவ்வழக்கில் சான்றாக வைக்க விரும்புகிறேன். மகனின் மனநோயோடு பல ஆண்டுகள் போராடியவர் அவர். மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் மாறி மாறி நடந்தவர். படத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் கூறியது இது: “பேய் என்று ஒன்று இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தானே பைத்தியம் என்றிருப்பார்கள்.”

திறனாய்வாளர் எவரும் எழுதாத திறனாய்வு இது. இச்சொல்லின் பொருளை உணர நம் நகரத்தையே எண்ணிப் பார்த்தல் போதும். ஊளம்பாறையில் 1870-இல் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கானோர்க்கு மருந்தும் தங்குமிடமும் அளித்துவந்திருக்கிறது. அவ்வூர்ப் பெயரோ திருவனந்தபுரத்தார் நாவில் ஒரு வசைச் சொல்லாக வழங்குகிறது. ‘இவனை ஊளம்பாறைக்கு அனுப்பவேண்டும்’ என்று நண்பர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதைப் பேருந்திலும் தேநீர்க்கடையிலும் கேட்கலாம். மனநோயாளரின் உரிமைகளை வகுத்து நடுவணரசு 2017-இல் சட்டம் இயற்றியது. அவ்வேடிக்கைப் பேச்சு அதன் பின்னரும் நிற்கவில்லை. இச்சூழலில் நோயுற்றவன் கூறும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கிடைக்கும்? ‘எனக்குக் கேட்கிறது’ என்று அவன் கூறினால், கேட்பது என்ன என்று வினவுவார் இல்லை. மருந்து உட்கொண்டாயா என்று வினவுவாரே உளர்.

இதனால்தான் அவ்வம்மையாருக்குப் படத்தின் முடிவு ஆறுதலாயிற்று. வினு பொய் கூறவில்லை என்பதற்குப் பேய் சாட்சியாக வந்தது. ஆனால் அவ்வாறுதலுக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. ஒருவனுடைய துன்பம் உண்மையானது என்று உறவினர் ஒப்புக்கொள்ளப் பேயே நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டுமா? வாழ்க்கையில் அத்தகைய சாட்சி வருவதில்லை. அவ்வம்மையாரின் மகனுக்கு வரவில்லை. படத்தின் முடிவுக்கு எதிராக நான் கூறக்கூடியது இதுவே. பேயைக் காட்டியது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பதன்று.

அதே முடிவுக்குச் சார்பாகவும் கூறலாம். இறுதி இரவைச் சற்றே கூர்ந்து நோக்குக. அதுவரை தாயின் துன்பம் ஓர் அறையிலும் மகனின் துன்பம் வேறோர் அறையிலுமாக இருந்தன. ஒருவர்மீது ஒருவர் குறைகூறி, ஒருவருக்கொருவர் சுமை என்று எண்ணி வாழ்ந்தனர். அவ்விரவில்தான் தாய் முதன்முறையாக மகன் நோக்கும் திசையில் நோக்குகிறாள். அங்கே நின்றது பேயாயினும், வெறும் நிழலாயினும், வெற்றிடமே ஆயினும், அவன் கண்ட இடத்தைத் தானும் கண்டாள் என்பதே அவனுக்கு வேண்டியிருந்தது. அவர்களை மீட்டது மந்திரமும் மருந்துமன்று, பற்றிக்கொண்ட கை. ரேவதியின் முகத்தில் அச்சமும் தாய்மையும் ஒன்றையொன்று வென்று மாறி மாறித் தோன்றும் அந்நிமிடங்களில், நடிப்பு என்பது பிறர்க்கு எய்துவது என்னும் பழைய கொள்கை கண்முன்னே மெய்யாகிறது. விருது அளித்தோர் வேறெந்தக் காட்சியும் காண வேண்டியிருந்திராது.

எஞ்சிய வினா

கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். அஞ்சுகின்றவனைக் காண்பவனுக்கு அச்சம் எய்துமா, நகை எய்துமா, இரக்கம் எய்துமா என்பது திரையில் உள்ளதைப் பொறுத்தது மட்டுமன்று. காண்பவன் அஞ்சுபவனுக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. தொலைவில் நிற்பவன் நகுகிறான். அருகில் வந்தவன் வழக்காடுகிறான். அதே கூரையின் கீழ் வாழ்ந்தவனோ வாழ்ந்தவளோ அஞ்சுவதும் அழுவதும் பிரித்தறிய முடியாதவாறு ஒன்றாகிவிடுகின்றன. நம் உரையாசிரியர்கள் இரண்டு கொள்கைகளையும் பதிந்து வைத்தமைக்குக் காரணம், இரண்டும் உண்மையென்று அவர்கள் கண்டமையாகவே இருக்கவேண்டும்.

சிறு முதலில், சில மாந்தரோடு, ஒரே வீட்டினுள் எடுக்கப்பட்ட இப்படம் இவ்வளவு பேரை இவ்வளவு வகையாகப் பேசவைத்தமையே அதன் வெற்றி. அதனை இன்னும் காணாதவர்கள், இயன்றால் விளக்கணைத்து, தாண்டிச் செல்லும் பொத்தானைத் தொடாமல், வீட்டார் அனைவரோடும் அமர்ந்து காண்பாராக. கண்டபின் பேயா நோயா என்று வழக்காடுவதற்கு முன், அவ்வீட்டில் சில நாள்களாகப் பேசாமல் இருக்கும் ஒருவர் உண்டா என்று திரும்பிப் பார்த்தலும் நன்று.